சிவப்பு மையில் ஒரு திங்கள்கிழமை

அத்தியாயம் 16

வியாழக்கிழமை மாலை நகராட்சிக் கூட்டத்தில் பதின்மூன்று கைகளும் ஒன்றாக மேலே போனதைப் போன வாரம் பார்த்தோம். சாக்கடைக்கு மூடி போடுவதா வேண்டாமா என்பதில்கூட நாலு வருஷமாக ஒத்துப்போகாத பதின்மூன்று பேர், சனிக்கிழமைத் தபாலை நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் ஒரே நிமிஷத்தில் ஒத்துப்போனார்கள். இந்தக் காலத்தில் யாருக்கு லெட்டர் வருகிறது என்று ஆரம்பித்த ஓர் உறுப்பினரும், தன் அம்மாவின் இருதய மாத்திரை சனிக்கிழமைப் பார்சலில்தான் வருகிறது என்பது ஞாபகம் வந்ததும், இருமுவதுபோல் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த இருமலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறிப்பேட்டில் ஏற்றியவள் அக்கா.

நகராட்சியில் கூட்டக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறாள். அலுவலகத்தில் அவளுக்கு 'மினிட்ஸ் அக்கா' என்றே பெயர். அவள் எழுதி வைத்த தேதி தப்பாது என்று தலைவரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். சொன்னது தலைவர் என்பதால் அதையும் அவளேதான் எழுதி வைத்தாள்.

வியாழக்கிழமைத் தீர்மானத்தில் அவளுக்கு ஊர் நலனைவிடப் பெரிய நலன் ஒன்று இருந்தது. அவள் தம்பி சனிக்கிழமைத் தபால்காரன்.

வாரா வாரம் சனிக்கிழமை அவன் முறை. மற்ற நாட்களில் யாராவது லீவு போட்டால் பதிலாள். சனிக்கிழமை விநியோகம் போனால் அந்தப் பதவியே போய்விடும் என்று மண்டலத் தபால் அலுவலகத்தின் அறிவிப்பில் அச்சடித்தே போட்டிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் கடிதம் வந்து சேர வேண்டும் என்றும் அதில் இருந்தது. இதற்கு முன் அவன் பார்த்த வேலைகளைச் சொல்லப் போனால் இந்த அத்தியாயம் போதாது. செருப்புக் கடை, பழக் குடோன், தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது, ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுப்பது. எதிலும் ஏழு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. தபாலில் மட்டும் ஆறு வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் ஓடிவிட்டது.

அந்த ஆறு வருஷம்தான் அவன் மனைவியையும் திருப்பிக் கொண்டுவந்தது. தையல்காரி. இரண்டு தடவை கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனவள், அவன் தபாலில் நிலைத்து நின்றதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். ஆனால் ஆள் வந்தாளே தவிர, அவளுடைய தையல் மெஷின் வரவில்லை. அது அப்பா வீட்டிலேயே போர்வை போர்த்தி நின்றது. இவள் கடைத்தெருவில் ஒரு டெய்லர் கடையில், யாரோ ஒருவருடைய மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், இப்போது என்ன அவசரம் என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

தீர்மானக் கடிதம் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கே கையெழுத்தாகி முத்திரை வாங்கித் தயாராக இருந்தது. அன்றைக்கே போயிருக்கலாம். போகவில்லை. அதற்குக் காரணம் அக்காதான்.

சனிக்கிழமைத் தபாலைக் காப்பாற்றச் சொல்லும் கடிதத்தைச் சனிக்கிழமைத் தபால்காரர் கையிலேயே கொடுத்தால் நன்றாக இருக்குமே, போட்டோவும் எடுக்கலாம் என்று தலைவரிடம் அவள்தான் மெல்ல எடுத்துக் கொடுத்தாள். போட்டோ என்ற சொல் காதில் விழுந்தால் தலைவர் அதற்குப் பிறகு வேறு எதையும் கேட்க மாட்டார். கடைசித் தேதி என்ன என்று மட்டும் ஒப்புக்குக் கேட்டார். திங்கள்கிழமை என்றாள். மேஜை நாட்காட்டியில் திங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் அவள் வட்டம் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவள் மனதில் இருந்தது போட்டோ இல்லை. தம்பி மனைவி அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்த் தலைவரே தன் புருஷன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து இதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று சொல்வதை அவள் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அம்மா போனபோது தம்பிக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவனை யாராவது மெச்ச மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் அவள்.

காலை எட்டரைக்கு நகராட்சி வாசலில் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. தம்பி சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டு வந்திருந்தான். தலைவர் கடிதத்தை நீட்டினார், தம்பி வாங்கினான், போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார், தலைவர் பிடுங்கி மறுபடி நீட்டினார். இப்படி நாலு தடவை கொடுத்து வாங்கியதில் உறையின் ஓரம் லேசாக மடங்கிவிட்டது. போட்டோவில் உன் தம்பி கண்ணை மூடாமல் இருந்தால் சரி என்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்காவின் கணவர் சொல்லியிருந்தார். ஓட்டல் சமையல்காரர். மச்சானைக் கிண்டல் பண்ணாமல் அவருக்கு அடுப்பு பற்றாது. ஆனால் இன்றைக்குத் தம்பி கண்ணை மூடவே இல்லை.

எதிர்ப்பக்கம் மருந்துக் கடை ஓரமாகத் தம்பி மனைவி நின்றிருந்தாள். கைகட்டிக்கொண்டு, சிரிக்காமல், முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் அக்காவிடம் வந்து, கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன், ஒரு வேலை இருக்கிறது அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

தலைவர் காரில் ஏறி, மகளைக் கொடுத்த ஊருக்குப் புறப்பட்டார். மலைமேல் இருக்கிற ஊர். திங்கள் காலையில்தான் திரும்புவார்.

*

நகராட்சிக்குச் சனிக்கிழமை விடுமுறை. அக்கா மட்டும் உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவைத்து, வியாழக்கிழமைக் குறிப்பை நல்ல பிரதியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தாள். பத்தரை மணி வாக்கில், மண்டலத் தபால் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, கடிதம் வருகிறது என்று சொல்லிவைத்தால் என்ன என்று தோன்றியது. எந்தக் கடிதத்தையும் அவள் அநாதையாக அனுப்புவதில்லை.

போனை எடுத்தவர் மரியாதையான மனிதர். எந்த ஊர் என்று கேட்டார். பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. உங்கள் ஊர்க் கடிதம் இன்னும் வரவில்லையே என்றார்.

இன்றைக்குத்தான் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறோம், திங்களன்று உங்கள் கையில் இருக்கும் என்றாள் அக்கா.

"திங்களா? கடைசி நாள் இன்னிக்கு மேடம். சாயந்திரம் அஞ்சு மணி."

அக்கா சிரித்துவிட்டாள். பதினைந்தாவது நாள் சனிக்கிழமையில் விழுகிறது, விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் என்பதுதானே எல்லா ஆபீசிலும் முறை என்று, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்வதுபோல நிதானமாக எடுத்துச் சொன்னாள்.

"உங்க ஆபீசுக்குத்தான் மேடம் லீவு. எங்களுக்கு சனிக்கிழமை வேலை நாள்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அதை நிறுத்தக் கூடாதுன்னுதானே நீங்களே எழுதியிருக்கீங்க."

அக்கா மேஜைப் பக்கம் திரும்பினாள்.

மேஜைமேல் நாட்காட்டி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக, சனிக்கிழமையில் விழுந்த ஒவ்வொரு தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு திங்களுக்குத் தள்ளிய கை அவளுடையது. சனிக்கிழமை வேலை நாள், வேலை நாளாகவே இருக்க வேண்டும் என்று மூன்று பக்கத்துக்குத் தீர்மானம் எழுதியதும் அதே கைதான். எழுதும்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

ஸ்கேன் பண்ணி அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்புங்கள், ஆனால் கணக்கில் வராது, அசல் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது என்றார். இரண்டு நாள் அவகாசம்? அது தன் கையில் இல்லை, அதிகாரி வெளியூர் போயிருக்கிறார். கடிதம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டாள். பதினேழு ஊர் பட்டியலில் இருக்கிறது, எழுதிய ஊர்களைப் பற்றி யோசிப்பார்கள், எழுதாத ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

"நானும் உங்களை மாதிரி ஒரு கிளார்க்தான் மேடம்" என்று கடைசியில் சொன்னார். "அஞ்சு மணி வரைக்கும் பட்டியலை மூட மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது."

மண்டல அலுவலகம் இருக்கும் நகரத்துக்குப் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். மணி இப்போது பத்தே முக்கால். கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடினால் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அக்கா குடையைக்கூட எடுக்காமல் தபால் நிலையத்துக்கு நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி தூரம் ஓடினாள்.

*

போஸ்ட்மாஸ்டர் அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு கவுண்டருக்குப் பின்னால் சுவர் ஓரமாக இருந்த பையைக் கையால் காட்டினார்.

சாம்பல் நிறக் கித்தான் பை. வாய் தைத்து, முடிச்சின்மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது. சாயந்திரம் ஆறு மணி வண்டிக்குப் போக வேண்டிய பை.

வழக்கமாகப் பகல் இரண்டு மணிக்குத்தான் சீல் வைப்போம் என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மா. இன்றைக்கு உங்கள் தம்பிதான் ஒன்பதே முக்காலுக்கே வந்து நின்றுவிட்டார். ஊரே கொடுத்த கடிதம், வெளியே கிடக்கக் கூடாது, இப்போதே போட்டுத் தைத்துவிடலாம் என்றார். பக்கத்திலேயே நின்று இரண்டு தையல் போடச் சொன்னார். அரக்கு காயும் வரைக்கும் ஊதிக்கொண்டு நின்றார்.

"அதைப் பிரிக்க முடியாதா?"

"சீல் வெச்ச பையை இங்க யாரும் தொடக் கூடாது. போய்ச் சேர்ற இடத்துலதான் பிரிக்கணும். பிரிச்சா என் வேலை போகும். உங்க தம்பி வேலை இன்னிக்கே போகும்."

அனுப்பிய கடிதத்தைத் திரும்பக் கேட்க ஒரு படிவம் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினாள் அக்கா. இருக்கிறதுதான். போஸ்ட்மாஸ்டர் அம்மா ஒன்றை எடுத்தே கொடுத்தார். ஆனால் அந்தப் படிவமும் அதே ஆறு மணி வண்டியில் போய், அங்கே பார்த்து, அதற்கு மேல்தான் ஏதாவது நடக்கும். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. அக்காவும் அதைக் குத்திக் காட்டவில்லை. இருவருமே படிவம் கொடுத்துப் பிழைக்கிறவர்கள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. புதிதாக ஒரு பிரதி அடித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்குவது. தலைவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கவுண்டர் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பதினொன்றரை வரைக்கும் போட்டாள். துணைத் தலைவர் கையெழுத்து செல்லாது. மகள் வீட்டு நம்பர் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், மலையில் ஏறி இறங்கி நகரத்துக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பெஞ்சிலிருந்து பைக்குப் பத்தடி தூரம்கூட இருக்காது. கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு கத்திரிக்கோலால் வெட்டினால் முடிந்தது. யாருடைய வேலையைக் காப்பாற்ற வந்தாளோ அவன் வேலையைத்தான் முதலில் வெட்ட வேண்டும். அக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று போஸ்ட்மாஸ்டர் அம்மா கேட்டார்.

நானே சொல்கிறேன் என்று எழுந்தாள் அக்கா.

*

தம்பியின் சுற்று அவளுக்கு மனப்பாடம். கடைத்தெருவில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துச் சந்து, தண்ணீர்த் தொட்டித் தெரு, ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வரிசை வீடுகள். அவன் போன வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மற்ற தபால்காரர்கள் கடிதத்தைக் கேட்டில் செருகிவிட்டுப் போவார்கள். இவன் மடிப்பு கலையாமல் பெட்டிக்குள் படுக்கவைப்பான், அப்புறம் பெட்டி மூடியை ஒரு தட்டுத் தட்டுவான். போட்டாயிற்று என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டுமாம்.

கண்டுபிடிப்பதுதான் சுலபம். வழியில் ஆட்களைத் தாண்டிப் போவதுதான் பெரும்பாடாக இருந்தது.

மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து, உங்கள் ஆபீஸ்தான் காப்பாற்றிக் கொடுத்ததாமே என்று கையெடுத்துக் கும்பிட்டார். பள்ளிக்கூடத்துச் சந்தில் ஒரு அம்மாள் மாடியிலிருந்தே, டிவிக்காரர்களும் வந்தார்களா என்று கேட்டாள். போட்டோ அதற்குள் பாதி ஊரின் செல்போனில் சுற்றி வந்துவிட்டது. அக்கா எல்லோருக்கும் தலையாட்டினாள். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. மென்று முழுங்கிக்கொண்டே நடந்தாள்.

தண்ணீர்த் தொட்டித் தெருவில் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர் அவளை நிறுத்தியே விட்டார். முகம் தெரியாத யாரோ ஒருவருடன் பன்னிரண்டு வருஷமாகத் தபாலில் சதுரங்கம் ஆடுகிறவர். எதிராளியின் நகர்த்தல் ஒரு கார்டில், சனிக்கிழமை தவறாமல் வரும். இன்றைய கார்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சனிக்கிழமை வந்தாத்தான்மா ஞாயித்துக்கிழமை பூரா யோசிக்கலாம். திங்கக்கிழமை வந்தா என்ன பண்றது, கடையைப் பார்ப்பேனா, குதிரையைப் பார்ப்பேனா?" என்றார். "நல்ல காரியம் பண்ணினீங்க."

அவர் சொன்ன திங்கள்கிழமை அவளுக்கு ஊசியாகக் குத்தியது. அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

ரயில் கேட் மூடியிருந்தது. மூன்று ரயில் போன பிறகுதான் திறந்தது. அந்தப் பக்கம் மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தம்பி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அக்கா வருவதைப் பார்த்ததும், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, சட்டைப் பையிலிருந்து பதிவுத் தபால் ரசீதை எடுத்து நீட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தான்.

"இதை உன் ஃபைல்ல வெச்சுக்கோ அக்கா. பத்திரமா போயிடும். நானே பக்கத்துல நின்னு சீல் வெக்கச் சொன்னேன்."

அக்கா ரசீதை வாங்கிக்கொண்டாள். நாலு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அந்த நாலு வார்த்தை நாற்பதாகி, முன்னுக்குப் பின்னாக, கடைசி நாள் திங்கள் இல்லை இன்றைக்குத்தான் என்பது நடுவில் எங்கேயோ வந்தது. பை ஆறு மணி வரைக்கும் இங்கேதான் இருக்கும் என்பதையும் சொன்னாள். வழக்கமாக இரண்டு மணிக்குத்தான் சீல் வைப்பார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதை அவளா சொல்லித் தெரிய வேண்டும்? ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவன். தம்பி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தான்.

"நான் அவசரப்படாம இருந்திருந்தா பை திறந்துதான் இருந்திருக்கும்" என்றான்.

"நான் தேதியை ஒழுங்கா பார்த்திருந்தா நேத்தே போயிருக்கும்டா. தப்பு என்னோடது."

ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் அக்கா அழுது தீர்த்திருப்பாள். அவனோ மணி என்ன என்று கேட்டான். இரண்டே கால் என்றாள். நேரில் போய்ச் சொன்னால் கேட்பார்களா என்றான். காகிதம் வேண்டும், காகிதம் இல்லாமல் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள் என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

பிறகு சைக்கிளை நிமிர்த்தினான். இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது என்றான்.

ஒன்பது வீட்டுக்கும் அக்கா கூடவே நடந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கடிதத்தைப் படுக்கவைத்து, மூடினான். மூடியை மட்டும் தட்டவில்லை.

தன் தோள்பையை ஒப்படைக்கத் தபால் நிலையத்துக்குப் போனபோது அக்கா வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே அவன் எதையும் கேட்கவில்லை என்று பின்னால் போஸ்ட்மாஸ்டர் அம்மா சொன்னார். சுவர் ஓரமாக இருந்த கித்தான் பையை ஒரு பார்வை பார்த்தானாம், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டானாம்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் பேசினான்.

"அவகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ சொல்லாதே."

"இன்னிக்கே சொல்லணுமாடா?"

"இன்னிக்கே சொல்லணும். அவளுக்கு எதையும் மறைச்சா பிடிக்காது. முன்னாடி ரெண்டு தடவை அதுக்குத்தான் போனா."

*

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எண்ணெய் வாசனை வந்தது. சமையல் எண்ணெய் இல்லை, மெஷின் எண்ணெய்.

முன்னறையில் இருந்த நாற்காலியும் துணிக்கூடையும் உள்ளே போயிருந்தன. ஜன்னலுக்கு நேராக, வெளிச்சம் விழுகிற இடத்தில், தம்பி மனைவியின் தையல் மெஷின் நின்றது. கறுப்பு உடம்பு, மிதி பலகையில் பழைய தேய்மானம். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சக்கரத்துக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாவே வண்டி வெச்சு ஏத்தி விட்டார் அண்ணி" என்றாள், நிமிராமல். "காலையில போட்டோ எடுத்தாங்கல்ல, அங்கேருந்து நேரா போனேன். எனக்கு இது வேணும், எடுத்துட்டுப் போறேன்னேன். அவர் ஒண்ணும் கேக்கல. துடைச்சுக் கொடுத்தார்."

காலையில் அவள் சொன்ன வேலை இதுதான் என்பது அக்காவுக்கு இப்போது புரிந்தது.

தம்பி மனைவி நிறையப் பேசுகிறவள் இல்லை. இன்றைக்குப் பேசினாள். டெய்லர் கடையில் மாசக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாளாம். வீட்டிலேயே தைக்கப் போகிறாளாம். பள்ளிக்கூடத்துச் சந்தில் இரண்டு பேர் யூனிஃபார்ம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தாள். வருஷக்கணக்கில் ஓடாத மெஷின், ஒரு முனகல் முனகிவிட்டு, ஓடியது.

தம்பி கதவருகிலேயே நின்றான். அவன் வாயைத் திறந்ததை அக்கா பார்த்தாள். மனைவியின் பெயரைக் கூப்பிட்டான். என்ன என்று அவள் நிமிர்ந்தாள். நெற்றியில் எண்ணெய்க் கறை, முகமெல்லாம் சிரிப்பு. காலையில் ரோட்டோரம் நின்றபோது அடக்கி வைத்திருந்த சிரிப்பாக இருக்க வேண்டும்.

"தண்ணி வேணும்" என்றான் தம்பி.

உள்ளே போய் அவனே மொண்டு குடித்தான். திரும்பி வரவே இல்லை. அடுக்களையில் டம்ளரைக் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒரு டம்ளர்தான்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. நகரத்தில் மரியாதையான மனிதர் ஒருவர் பட்டியலை மூடியிருப்பார். அக்கா ஐந்தையும் எண்ணினாள். கைப்பையில் இருந்த ரசீதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தம்பி மனைவி எழுந்து, மெஷினுக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த புது நாட்காட்டியைக் காட்டினாள். துணி வாங்குகிற தேதி, கொடுக்கிற தேதி எல்லாம் இனிமேல் அதில்தான் குறிக்கப் போகிறாளாம். மெஷின் டிராயரிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"முதல் தேதியை நீங்க குறிங்க அண்ணி. உங்க கை நல்ல கை. லெட்டர் போய்ச் சேர்ற கடைசி நாள் திங்கள்தானே?"

அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தம்பி நிலைப்படிக்கு வந்து நின்றான். கை ஈரமாக இருந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றினாள். சனிக்கிழமைக் கட்டத்தில் ஒரு கணம் முனை நின்றது. பிறகு நகர்ந்து போய்த் திங்களைச் சுற்றி வட்டம் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில், தெரிந்தே அவள் குறித்த முதல் தப்புத் தேதி.

"ஆமாம்மா. திங்கள்தான்."

தம்பி மனைவி எட்ட நின்று வட்டத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள். திங்கள்கிழமை சாயந்திரம் நானே உங்கள் ஆபீசுக்கு வந்துவிடுகிறேன் அண்ணி, என்ன ஆயிற்று என்பதை உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும் என்றாள்.

வா என்று சொன்னாள் அக்கா.